சோதனை-2

மன்னார்குடி, மேலராஜவீதி, உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாசனையில்தான் எங்கள் கம்பெனி.
கிளவுட்டை இங்கே யாரும் மேகம் என்று சொல்வதில்லை.
மேகம் என்றால் தை மாதத்தில் வயிற்றைக் கலக்கும் வேறொன்று,
கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் தேடி ஓடவைப்பது.

ஐயாயிரம் டாலர் கிரெடிட், ஒரு வருஷத்துக்கு.
கொடுத்தவர்கள் முகம் பார்த்ததில்லை.
முதல் சில மாதம் கணக்கே பார்க்கவில்லை நாங்கள்.
இலவச கரண்ட் வந்த பம்புசெட்டுக்காரர்கள் மாதிரி
போட்ட மோட்டாரைப் போட்டபடி விட்டுவிட்டுத் தூங்கப்போனோம்.

இப்போது மீதி நானூற்றுப் பதினேழு.
தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்,
மேட்டூர் நீர்மட்டம் பார்க்க என் மாமனார்
பேப்பரைப் பிரிக்கும் அதே நேரத்தில்.
அவர் அடியில் சொல்வார், நான் டாலரில்.
படிக்கிற எண் பழைய எண் என்று இருவருக்கும் தெரியும்.
அணையில் திறந்தது கடைமடைக்கு வர நாளாகும்;
நேற்றிரவு செலவானது இன்று மத்தியானம்தான் திரையில் ஏறும்.

பாதி தீர்ந்தபோது ஒரு மின்னஞ்சல், முக்கால் தீர்ந்தபோது இன்னொன்று.
தண்டோரா போடும். மதகை இறக்காது.

மாசி பிறந்த அன்று பில்லை வரிவரியாகப் பிரித்தேன்.
படங்களுக்கு இவ்வளவு, குறுஞ்செய்திக்கு இவ்வளவு,
அப்புறம் நான் மறந்தே போன ஒரு பெயர்: சோதனை-2.
குறுவை அறுப்பின்போது நானே கிளப்பிவிட்டது.
நாளுக்கு இரண்டு டாலர் எழுபது, நூற்று நாற்பது நாள்.
கால்குலேட்டரை நம்பாமல் உரமூட்டை ரசீதின் பின்பக்கம் பெருக்கினேன்.
முந்நூற்று எழுபத்தெட்டு.

நிறுத்தும் பொத்தானுக்குப் போன விரல், எதற்கோ பதிவேட்டைத் திறந்தது.
யாருமில்லை. யாருமில்லை.
விடியற்காலை ஐந்து பத்துக்கு ஒரே ஒரு வருகை.
முந்தின நாளும் ஐந்து பத்து. பதினொரு நாளாக.
தலைஞாயிறு பக்கம் ஒருவர்,
எவரோ எப்போதோ அனுப்பிய பழைய லிங்க் வழியாக,
நூற்றுப் பன்னிரண்டு மூட்டையை ரோட்டோரம் அடுக்கிவைத்துவிட்டு
தன் டோக்கன் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நூருல்லாவிடம் சொன்னேன்.
கூத்தாநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவனுக்கு.
"லிங்கைப் புதுசுக்குத் திருப்பிவிட்டு இதை அணைச்சிடு.
ரெண்டு நிமிஷ வேலை,
இதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

இரண்டு நிமிஷம்தான் ஆனது.
தூக்கம் வரவில்லை என்றால் பொய்; நன்றாகத் தூங்கினேன்,
நாலே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டு.

ஐந்து பத்து. இல்லை.
ஐந்து பதினைந்து. வீதியில் பால்வண்டி.
பில் பக்கத்தில் சோதனை-2 இன்னும் ஓடுவதாகவே காட்டியது.
ஐந்து இருபத்திரண்டுக்கு வந்தார், புதிய வாசல் வழியாக.

எங்களுக்கு நாளுக்கு இரண்டு டாலர் எழுபது மிச்சம்.
வரிசையில் அவருக்கு நேற்று நாற்பத்தொன்று.
இன்றும் நாற்பத்தொன்று.