திரும்பி வரக் காசு

திபிலீசியின் இந்தப் பழைய கட்டடத்து லிஃப்டில்
இறங்குவது இலவசம்.
ஏறத்தான் காசு.
பெட்டியில் பத்து தெத்ரி போட்டால்
முனகிக்கொண்டே கிளம்பும்
எட்டாம் மாடிக்கு.

முரா வந்த முதல் வாரம்
கதவின் அடிப்பலகையைத் தின்றிருந்தது.
என் இடது செருப்பை,
ஜன்னல் திரையில் வாய்க்கு எட்டிய மட்டும்.
வாசலில் ஒரு குட்டை எச்சில்.
எதிர்வீட்டு ஜும்பெர் சீட்டெழுதிச் செருகியிருந்தார்:
"காலை 8.40 முதல் மாலை 5.15 வரை ஊளை.
நடுவில் நான்கு முறை மூச்சு வாங்கியது."

எனக்கு விளங்கவில்லை.
ஆறு வருடம் தெருவில் கிடந்த நாய்.
காதில் மஞ்சள் வில்லை, அதில் நகராட்சி எண்.
மெட்ரோ வாசலில் பனியில் சுருண்டு
யார் வந்தாலும் வாலாட்டி
யார் போனாலும் தூங்கிப்போன நாய்.
கதவு இருந்தால்தானே
கதவுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கும்.
நான்தான் கொடுத்தேன் அதற்கு
ஒரு கம்பளி, ஒரு கிண்ணம், ஒரு கதவு.

மூன்று வாரம் விடுப்பு கேட்டேன்.
காரணம் என்ற இடத்தில்
குடும்பம் என்று எழுதினேன்.

கால்நடை மருத்துவர் சிசானா சொன்னாள்:
கோட்டை மாட்டு, போகாதே.
சாவியை எடு, உட்கார்ந்து தேநீர் குடி.
போகும்போது முத்தம் கூடாது
வரும்போது கொஞ்சல் கூடாது
உப்பு வாங்கப் போனவள் போல வா.

சாவியை எடுத்தேன், வைத்தேன்.
எடுத்தேன், வைத்தேன்.
நாற்பது தடவை.
முரா முதலில் நடுங்கியது
பிறகு முறைத்தது
பிறகு கொட்டாவி விட்டது,
இவளுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி.
அதுதான் வேண்டும் என்றாள் சிசானா.

அப்புறம் வெளியே.
படிக்கட்டில் நின்று பத்து நொடி.
முப்பது. ஒரு நிமிடம்.
ஒன்றரையில் ஊளை.
மறுபடி பத்திலிருந்து.

அப்புறம் லிஃப்ட்.
இறங்கு, ஏறு. இறங்கு, ஏறு.
சில்லறை மாற்றித் தந்து சலித்த
ரொட்டிக்கடை நாசிப்ரோலா கேட்டாள்:
"மேலே என்ன சூதாட்டமா நடக்குது?"
ஆமாம் என்றேன்.
தடவைக்குப் பத்து தெத்ரி,
நான் திரும்புவேன் என்று.

போய் வருகிறேன் என்பதில்
போவது மட்டும்தான் அதற்குக் கேட்கிறது.
மற்றதைக் காலால் சொல்ல வேண்டியிருக்கிறது,
எட்டு மாடியும்.

நேப்பிள்ஸில் யாரோ ஒரு முதியவரைக் குளிப்பாட்டும்
என் மகள் தேயோனா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.
போனை வைக்கும்போது அழுவேன்.
இந்த ஞாயிறு அழவில்லை.
"சரி, அடுப்பில் பாலிருக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

விடுப்பு முடிந்தது.
என் வேலை பூமிக்கடியில்,
எஸ்கலேட்டரின் காலடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
ஒரு பக்கம் ஆட்கள் இறங்குவார்கள்
ஒரு பக்கம் ஏறுவார்கள்.
யாராவது தடுக்கினால் பொத்தானை அழுத்துவேன்.
இருபது வருடமாகப் பார்க்கிறேன்,
இறங்கிய முகமே ஏறுகிறதா என்று
எண்ணிப் பார்த்ததில்லை.
அன்று முழுக்க எண்ணினேன்.
தொப்பிக்காரர் ஒருவர், பூக்கட்டோடு ஒருத்தி,
அவ்வளவுதான் பிடிபட்டது.

மாலையில் ஜும்பெரின் சீட்டு:
"8.40 இரண்டு குரைப்பு. 9.05 ஒன்று.
அதன் பிறகு எதுவுமில்லை.
செத்துவிட்டதோ என்று கதவில் காதை வைத்தேன்.
குறட்டை."
அடியில், வேறு மையில்:
"நாளைக்கும் கேட்டுச் சொல்கிறேன்."

மார்ச்சில் ஒரு மாலை, பையில் சில்லறை இல்லை.
எட்டு மாடியும் நடந்தே ஏறிக் கதவைத் திறந்தேன்.
லிஃப்ட் சத்தம் கேட்காததால்
அது தயாராக இல்லை.
ஒரு கண் திறந்தது.
வால் தரையில் ஒரே ஒரு தட்டு.
கண் மூடிக்கொண்டது.

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.
கோட்டைக் கழற்றாமல் நின்றேன்
மூச்சு வாங்கியபடி,
என்னை எதிர்பார்த்து யாரும் களைத்துப்போகாத
ஒரு வீட்டின் நடுவில்.