இருமல்

ரீகாவில் பிப்ரவரி.
தௌகவா ஆறு உறைந்து கிடக்கிறது.
பனிக்கட்டியில் துளைபோட்டு
மீனுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் சிலர்.
டிராமின் கடைசி நிறுத்தத்தருகே ஒரு தியேட்டர்.
அங்கே நான் வயோலா வாசிக்க வந்திருக்கிறேன்,
எழுபது யூரோவுக்கும் ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்புக்கும்.

தொண்ணூறு வயது தாண்டிய பேய்ப் படம்.
பேசும் படம்தான். ஆனால் எடுத்தவர்களிடம்
பேச்சுக்கே காசு போதவில்லை,
இசையை விட்டுவிட்டார்கள்.
ஒரு பிரபு சதுப்பு நிலத்திலிருந்து எழுந்து வருகிறான்.
ஒருத்தி அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள்.
கதை அவ்வளவுதான்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள்
இவ்வளவு மௌனத்தைத் தாங்க மாட்டார்கள்” என்றார் ஓயார்ஸ்.
எழுபத்தொரு நிமிடத்துக்கும் இசை எழுதியிருந்தார்,
ரொட்டியின் ஓரம்வரை
வெண்ணெய் தடவுகிற மனிதர்.

ஒத்திகையில் ஒன்றை ஒப்புக்கொண்டேன்:
வௌவாலை நாங்கள்தான் காப்பாற்றினோம்.
ரப்பர் வௌவால். கயிறு தெரியும்.
அந்த இடத்தில் எப்போதும் அரங்கமே சிரிக்குமாம்.
செல்லோ அடியில் உறும, நான் மேலே நடுங்க,
கயிறு காணாமல் போயிற்று.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
சோற்றில் ஆவி பறந்தால்.

சதுப்பு நிலமும் அப்படித்தான்.
அட்டை மரங்களுக்குள்
மிர்த்ஸாவின் வயலின் காற்றாகப் புகுந்தது.

ஆனால் மாடிப்படி.

அவள் விளக்கோடு இறங்கி வருகிறாள். பதினெட்டுப் படி.
ஒன்றுமே நடப்பதில்லை. பிரபு இல்லை, நிழல்கூட இல்லை.
அங்கேதான் ஓயார்ஸ் வயலின்களை ஏற்றிக்கொண்டே போகிறார்.
ஐந்தாம் படியிலேயே தெரிந்துவிடுகிறது
கீழே யாரோ நிற்கிறார் என்று.
யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
மணி கேட்டவன் பயப்படுவதில்லை,
ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறான்.

இன்னொன்று. பதினோராம் படியில்
ஓர் இருமல் இருக்கிறது.

அவளுடையதல்ல. திரையில் வரும் எவருடையதுமல்ல.
காமிராவுக்குப் பின்னால் விளக்குப் பிடித்தவனோ, தச்சனோ,
பெயர்ப் பட்டியலில் ஏறாத யாரோ
அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல்,
உள்ளங்கைக்குள் இருமியது.
ப்ரொஜெக்டர் ஓட்டும் ஸ்கைத்ரிதேதான் சொன்னாள்:
“முப்பது வருடமாகக் கேட்கிறேன்.
ஒவ்வொரு தடவையும்
நான்தான் இருமினேனோ என்று
தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.”

வேடமில்லை, வசனமில்லை,
செத்து எத்தனை காலமோ,
பக்கத்து நாற்காலியிலிருந்து போல இருமுகிறான்.
அந்தப் படத்தில் நிஜமான பேய் அவன் ஒருவன்தான்.
அவன்மேல் நான்கு வாத்தியங்களைப்
போர்த்தி மூடியிருந்தோம்.

ஓயார்ஸிடம் சொன்னேன்.
“அது பழுது” என்றார். “அதை மறைக்கத்தானே நீங்கள்.”
நல்ல மனிதர்.
எனக்கும் வாடகை பாக்கி. வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை. நிறைந்த அரங்கம்,
ஈரக் கோட்டுகளின் வாடை.
வௌவால் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு படிகள்.
எட்டு. ஒன்பது.
பத்தில் என் வில் நின்றது.
வேண்டுமென்றா, தவறியா,
இன்றைக்கும் எனக்கே நிச்சயமில்லை.
நான் நிற்க, செல்லோ தடுமாறி நிற்க,
மிர்த்ஸா ஒரு சுரத்தை அந்தரத்தில் விட்டு நிற்க,
பழைய ஒலித்தடத்தின் இரைச்சல் மட்டும்
வாணலியில் எண்ணெய் காய்வது போல.

இருமல்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
அவருக்குப் பின்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.
அப்படியே வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி,
கடைசி வரிசையும் திரும்பிப் பார்த்தது.
அங்கே சுவர்.

மறுபடி வாசித்தோம். பிரபு வந்தான்,
எங்கள் மணியோசையோடு, மரியாதையாக.
பலமாகக் கைதட்டினார்கள்.
சூப்பில் உப்பு அதிகம்.
ஓயார்ஸ் பத்து யூரோ பிடித்துக்கொண்டார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல்,
“அடுத்த வாரமும் அந்த இடத்தில் நிறுத்துவாயா?” என்றார்.
கோபமா, வேண்டுகோளா, குரலில் தெரியவில்லை.

டிராம் நிறுத்தத்தில் ஆளில்லை.
தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.