செங்குத்தான ஊர்

எங்கள் தெருவுக்குப் பெயர் மேட்டுத்தெரு.
மலை என்று நினைத்து வர வேண்டாம்.
பனைக்குளம் பஸ் திரும்பும் இடத்தில்
டிரைவர் ஒருமுறை கியர் மாற்றுவார்,
அவ்வளவுதான் ஏற்றம்.
மற்றபடி கண்ணுக்கு எட்டும்வரை தட்டை:
உப்பளம், உடைமரம்,
வந்தோமா இல்லையா என்ற சந்தேகத்தோடு
வைகை கடலில் சேரும் இடம்.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று
சம்பந்தி வீட்டார் கேட்டார்கள்.
ஒரு பள்ளிவாசல், ஒரு ரேஷன் கடை,
அதன் பின்னால் உப்புக் கக்கும் போர்க்குழாய்.
பார்க்க வேண்டியதெல்லாம்
எங்கள் ஊரில் செங்குத்தாக இருக்கிறது என்று
அப்போது எனக்குத் தெரியாது.

தம்மாமிலிருந்து அவர் பணம் அனுப்பினார், கக்கூஸுக்கு.
உச்சிப்புளியிலிருந்து லோடு ஆட்டோவில்
பன்னிரண்டு சிமெண்டு உறை வந்து இறங்கியது.
சாத்தையா கூலி பேசினார்:
ஐந்தடி வரை ஒரு விலை,
அதற்குக் கீழே அடிக்கு அடி வேறு விலை.
"கீழ போகப் போக மண்ணு பழசு, மதீனாக்கா.
பழசு கனக்கும்."

முதலடியில் டார்ச் பேட்டரி,
மகன் தொலைத்துவிட்டு அடிவாங்கிய ஒற்றைச் செருப்பு.
இரண்டாவதில் சிப்பி கலந்த ஒரு சாண் மணல்.
புயல் வருஷத்து மணல் என்றார், அவர் கணக்கு.
மூன்றரையில் ஒரு சீனத்துத் தட்டின் விளிம்பு,
கழுவியதும் வெந்தயக்கீரைப் பச்சை.
ஐந்தில் ஒரு முழ நீளச் செங்கல்,
ஒரு பக்கம் கருகி.
இங்கிருந்து வேறு விலை.

ஆறில் சங்கு வளையல், பாதி.
என் இரண்டு விரலுக்குமேல் நுழையவில்லை.
ஏழில் கூர்முனையோடு ஒரு ஜாடியின் அடி.
"உக்காரத் தெரியாத ஜாடிய எதுக்குச் செஞ்சான்?"
ஆடும் கப்பலில் நெருக்கிச் சாய்த்து அடுக்க என்று
ஒரு பையன் போனில் பார்த்துச் சொன்னான்.
அவர் அறையில் ஆறு பேருக்கு அடுக்குக் கட்டில்.
அது ஏன் அப்போது நினைவுக்கு வந்ததோ.

எட்டில் உறை இறங்க மறுத்தது.
தட்டினால் வேறு சத்தம்,
வேகவைத்த மண்ணின் சத்தம்.
கீழே இன்னொரு உறை,
எங்களுடையதைவிட நாலு விரல் குறைவு.
யாரோ இதே இடத்தில் நின்று
அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறார்.

உள்ளே இருந்த மணலைச் சாத்தையா
கொட்டாங்கச்சியால் சுரண்டினார்.
ஊறியது.
குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த கொட்டாங்கச்சியை மேலே நீட்டினார்.
உப்பு இல்லை.
நாக்கு நம்புவதற்காக இன்னொரு வாய் குடித்தேன்.
பிறகுதான் அங்கே எதை இறக்கவிருந்தோம் என்பது
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.
கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆபீசுக்குச் சொன்னால் கயிறு கட்டுவார்கள்.
சொல்லாமலிருப்பது தப்பு.
நாளைக்குச் சொல்வோம் என்று
நாலு வெள்ளிக்கிழமை போயிற்று.
அதற்குள் வாசலில் பதினோரு பிளாஸ்டிக் குடம்,
வரிசைக்காக ஒரு சண்டை, ஒரு சமாதானம்.

இரவு போனில் கேட்கிறார்: வேலை முடிந்ததா?
கிணறு முடிந்தது, என்றேன்.
கிணறா? யார் வெட்டியது?
ஆள் யாரென்று தெரியவில்லை.
கூலி எவ்வளவு?
மேல் எட்டடிக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

மிச்சம் நாலு உறை
தெருவோரம் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே மூடி.
பக்கத்து வீட்டு வெள்ளாடு விடியலில் அதில் ஏறிக்
கடல் பக்கம் கழுத்தை நீட்டி நிற்கிறது.
இப்போதைக்கு எங்கள் ஊரில்
அதைவிட உயரமான இடம் இல்லை.