பத்தின் மடங்கு

சுங்கை சுமுன் மில்லின் எடைமேடை
பத்துக் கிலோவுக்குக் கீழ் எதையும் பேசாது.
முப்பத்தாறு என்றால் நாற்பது,
முப்பத்துநாலு என்றால் முப்பது.
பதினோரு வருடமாக அதை நம்பித்தான் சீட்டு எழுதுகிறேன்.
லோரிக்காரர்கள் நம்பி வாங்குகிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு பாரம் வந்தது.
படிவத்தை நாங்கள் பாரம் என்றுதான் சொல்வோம்.
பதினாலு பக்கம்.
ஓர் ஆண்டில் இந்த மில் வானத்துக்கு
எவ்வளவு ஏற்றியது என்று டன் கணக்கில் வேண்டுமாம்,
எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு.
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எடை சமாச்சாரம்தானே கோகிலவாணி, நீயே எழுதிடு."

எழுதினேன்.
டிராக்டர் டீசல், ஜெனரேட்டர் டீசல்,
உரம் மூட்டை எண்ணி.
கழிவுக் குளங்கள் நாலு.
நாலாவதன் கரையில் நின்றால்
அடுப்பே இல்லாமல் கஞ்சி கொதிக்கும்.
உடைகிற குமிழியை எதில் நிறுப்பது?
"மூக்குக்குத் தெரியுதே, பத்தாதா?" என்றான் பூபாலன்.
மூக்குக்குக் கட்டம் போடவில்லை அவர்கள்.

ஒன்பதாம் பக்கம்:
தொழிலாளர்கள் வேலைக்கு எப்படி வருகிறார்கள்?
ரஃபிகுல், சைக்கிள், சுழியம்.
பூபாலன், மோட்டார், மாதம் பதினெட்டு லிட்டர்.
என்னுடையதையும் எழுதினேன்,
மகளைப் பள்ளியில் விடச் சுற்றும் இரண்டு கிலோமீட்டர் உட்பட.
எழுபத்தொரு பேரின் பெட்ரோலுக்கு
முழுசாய் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
கரிமண் காட்டை வெட்டிக் கால்வாய் கீறி
வடியவிட்ட எண்ணூறு ஏக்கருக்கு ஒரு வரி:
முந்தைய நிலமாற்றம் கணக்கில் வராது.
மண்ணிடம் யாரும் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.
அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டே
வருடம் இரண்டு விரற்கடை இறங்குகிறது.
செம்பனைகள் வேர் தெரியச் சாய்ந்து நிற்கின்றன,
பஸ்ஸுக்குள் பிடி கிடைக்காதவர்கள் மாதிரி.

எண்ணெய் ஏறிப் போகும் கப்பலைப் பற்றிக் கேட்டேன்.
அதற்கு வேறு பாரமாம்.
அந்த பிஸ்கட், அந்த சோப்பு?
அதற்கும் வேறு.
யார் எழுதுவார்கள் என்று மேனேஜருக்குத் தெரியவில்லை.
வெளியே முப்பத்தேழு டிகிரி.
உள்ளே ஏர்கோன் இருபதில்.
அதையும் எழுதினேன்.

கடைசிப் பக்கத்தின் கடைசிக் கோடு:
பொறுப்பாளர்.
ஒருமை.

ஆறு மணிக்கு மேல் லோரி இல்லை.
எடைமேடையில் நான் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
கிளினிக் தராசில் நான் ஐம்பத்தேழு;
யாருடைய மூன்று கிலோவையோ சுமந்து நின்றேன்.
பூபாலன் சிரித்துக்கொண்டே ஏறினான், அறுபத்துநாலு.
நூற்றிருபது என்றது.
ஒரு கிலோ காணோம்.
ரஃபிகுலையும் கூப்பிட்டோம், ஐம்பத்திரண்டு.
நூற்றெழுபது.
இப்போது மூன்று காணோம்.
"இன்னும் ஆள் ஏறினா யாராவது ஒருத்தர்
முழுசாவே காணாமப் போயிடலாம்" என்றான் பூபாலன்.
கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.
குளத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது.

மேசைக்குத் திரும்பி
அந்தக் கோட்டில் என் பெயரை எழுதினேன்.
பொய்யில்லை; பதினெட்டு லிட்டரும் ஏர்கோனும் பொய்யில்லை.
பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்தேன்.
மிச்சக் கோட்டைக் காலியாக விட்டு
பாரத்தை மேனேஜர் மேசையில் வைத்தேன்,
பேனாவை மூடாமல்,