தடைக்காலம்

ஹாஸ்டல் வார்டன் என் பெட்டியைத் தொடவில்லை,
துடைப்பக்கட்டையால் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்.
கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை
ஜன்னலோர சீட்டில்
துப்பட்டாவுக்குள் இருமிக்கொண்டு வந்தேன்.
அன்றைக்குத்தான் அப்பாவின் விசைப்படகையும்
கயிறு போட்டுக் கட்டினார்கள்.
அறுபத்தொரு நாள், மீனுக்காக.
எனக்கு எத்தனை என்று யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

மாடியில் வலை போட்டுவைக்கிற அறை.
நைலான் வாசம், காய்ந்த பாசி, மிதவைகள்,
நடுவில் ஒரு கட்டில்.
முப்பத்தொன்பது கிலோ நான்.
காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை.
பிதுக்கினால் அட்டைக்கு அடியில் ஒரு எண் தெரியும்.
விழுங்கிவிட்டேன் என்பதற்குச் சாட்சியாக
அதற்கு ஒரு மிஸ்டு கால்.
ஒரு மணி அடிக்கும், அறுந்துவிடும்.
அந்த நாளில் நான் அழைக்கிற ஒரே ஆள்.

மூத்திரம் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே என்றார் நர்ஸ்.
கண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை.
தலையணை உறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சஃப்ரினா தன் போனை டெஸ்கில் சாய்த்து வைப்பாள்.
வகுப்பு என்றால் எனக்கு
ஓடுகிற ஃபேன், ஒரு தூண்,
கரும்பலகையின் வலது ஓரம்.
விடை தெரியும், கேள்வி தெரியாது.
இரண்டு பேப்பர் அரியர்.
"எப்ப வருவ?" என்று குரூப்பில் எல்லாரும் கேட்டார்கள்,
முதல் வாரம்.
பிறகு யாரோ கேக் படம் போட,
என் பதில் மேலே மேலே போய் மறைந்தது.

சாப்பாடு படிக்கட்டில் வரும்.
கலந்துவிடக் கூடாதே என்று என் தட்டின் விளிம்பில்
அம்மா நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.
சிவப்பு. ஃப்ரெஷர்ஸ் டேக்கு நான் வாங்கியது.
கோபம் வரவில்லை என்றால் பொய்.
இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.

ஓடாத இன்ஜின் துருப்பிடிக்கும் என்பார் அப்பா.
கச்சான் காற்றில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக் கிடக்க
தினமும் போய்
சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்திவிட்டு வருவார்.
நானும் எழுந்து
கதவு வரை நடந்து திரும்புவேன்.

தடை முடிகிற ராத்திரி.
சளியில் கிருமி இல்லை என்று
ராமநாதபுரத்திலிருந்து காகிதம் வந்து நாலு நாள்.
ஆனாலும் பாதிப் படிவரைதான் இறங்கி உட்கார்ந்திருந்தேன்.
டோக்கன் வாங்கிவந்த அப்பா
கரண்ட் போன இருட்டில்
கைக்குக் கிடைத்த தட்டில் சோறு போட்டுக்கொண்டார்.
வெளிச்சம் வந்ததும் அம்மா பதறினாள்:
"ஐயோ, அது அவ தட்டு."
அப்பா தட்டைச் சுற்றித் திருப்பினார். புள்ளி.
"இது எப்பருந்து?"
யாரும் பேசவில்லை.
"குழம்ப ஊத்து" என்றார்.

விடியுமுன் நூறு இன்ஜின்கள் ஒன்றாகக் கிளம்பின.
அதில் அப்பாவுடையது எதுவென்று தெரியவில்லை,
தெரியும் என்று சொல்லத்தான் ஆசை.
இன்னும் நாலு மாத மாத்திரை இருக்கிறது.
பிதுக்கி, விழுங்கி, எண்ணை அழுத்தினேன்.
ஒரு மணி.