பத்து நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன்

காப்பீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.
பதினான்காம் தேதி காலை பத்து நாற்பதுக்கு
இரண்டாம் மேசையிலும் உங்கள் கையெழுத்து,
மூன்றாம் மேசையிலும் உங்கள் கையெழுத்து.
ஒரு மருத்துவர், ஒரு நேரம், ஒரு மேசை.
விளக்கம் தருக. நூற்றைம்பது எழுத்துக்குள்.

தருமபுரி அரசு மருத்துவமனை, எலும்பு அறுவை அரங்கு
என்று ஆரம்பித்தால்
அதற்கே முப்பது போய்விடுகிறது.

இரண்டாம் மேசையில் மாதம்மாள், பென்னாகரம் பக்கம்,
மாட்டுக்கொட்டாயில் வழுக்கி இடுப்பு உடைந்தவள்.
அறுபது வருஷம் எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் குடித்த முதுகு.
பல்லைக் காவியாக்கிய அதே ஃபுளோரைடு
முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருந்த இடுக்கையெல்லாம்
பூசி மெழுகி வைத்திருக்கிறது.
ஊசிக்கு அங்கே வாசல் கிடையாது.
ஷப்னா, முதுகலை இரண்டாம் ஆண்டு.
முதல் குத்தில் எலும்பு,
இரண்டாவதிலும்.

நான் அவளுக்குப் பின்னால்
கையுறை போட்ட கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன்.
என் கை போயிருந்தால் ஒரு நிமிஷம்.
அந்த ஒரு நிமிஷத்துக்குத் தொகையில் பங்கு உண்டு.
கை போகாமல் நின்ற ஒன்பது நிமிஷத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூன்றாம் மேசையில்
தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்த தக்காளி லாரியின் கிளீனர்.
பெயர் முனிரத்தினம்,
வயது பத்தொன்பது என்று அவனே சொன்னது.
தொடையெலும்புக்குக் கம்பி, முழு மயக்கம்.
அங்கே திலகன், முதலாம் ஆண்டு.
குழாயைச் சரியாகத்தான் போட்டிருந்தான்,
பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நடுவில் பதினோரு அடி, ஓர் ஆடும் கதவு.
கதவு மூடிவிடாமல் குளுக்கோஸ் அட்டைப்பெட்டியை
முட்டுக் கொடுத்திருந்தோம்.
ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்க
கருவியின் சத்தமும் சுதி இறங்கும்.
சங்கீதம் எனக்கு வராது.
இந்த ஒரு சுதி மட்டும் தூக்கத்திலும் கேட்கும்.

பத்து நாற்பதுக்கு அது இறங்கியது.

காலை இழுத்துக் கட்டியபோது
குழாய் வழுக்கி ஒரே நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும்.
நடந்துகொண்டே கத்தினேன்:
திலகா, ரெண்டு சென்டிமீட்டர் வெளியே எடு, ரெண்டே ரெண்டு.
எட்டாவது அடியில் சத்தம் ஏற ஆரம்பித்தது.
அதே அடியில் முதுகுக்குப் பின்னால் ஷப்னா,
மேடம், வந்துருச்சு.
திரும்பினேன். ஊசியின் வாலில்
தெளிவாக ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது.

ஆகவே, ஐயா,
பத்து நாற்பதுக்கு நான் இரண்டு மேசையிலும் இல்லை.
அட்டைப்பெட்டி மேல் ஒரு காலை வைத்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு
காப்பீட்டுப் பிரிவின் கணினியில் உட்காரும் வேலாயுதன் சொன்னான்:
இதெல்லாம் அனுப்பாதீங்க மேடம், ரெண்டும் போயிரும்.
ஏதாவது ஒண்ணை அடிச்சிடுங்க,
கம்பிக்குத் தொகை கூடுதல்.
அந்தத் தொகையில்தான் அடுத்த மாதத்து ஊசிமருந்து வரவேண்டும்.
மாதம்மாளை அடித்தேன்.
'மூன்றாம் மேசை' என்று மட்டும் தட்டினேன்.
பெட்டியில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது.

இனி காகிதத்தின்படி
மாதம்மாளுக்கு யாரும் மரக்க வைக்கவில்லை.
சும்மா படுக்க வைத்து அறுத்திருக்கிறோம்.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது
பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.
எப்படியம்மா இருக்கு என்றேன்.
நீ தானே அது? என்றாள்.
ஊசி போட்டது அந்தச் சின்னப் பொண்ணு, எனக்குத் தெரியும்.
பின்னால ஒருத்தி மூச்சை இழுத்தது கேட்டுச்சு,
விட்டது கேக்கவேயில்லை.
அப்புறம், எம்மவன்கிட்ட போன் போட்டு
மாடு கன்னு போட்டுச்சான்னு கேளு.