பதினான்காவது நிறுத்தம்

அர்க்கன்சாவின் நெல்வயல்களுக்கு நடுவே
காலை ஐந்து ஐம்பதுக்கு
மஞ்சள் பேருந்தைக் கிளப்புகிறேன்.
இருபத்திரண்டு நிறுத்தங்கள்.
பதினான்காவது, சரளைப் பாதை முடிகிற இடத்தில்
ஒரே தபால் பெட்டியில்
இரண்டு குடும்பப் பெயர்கள் எழுதிய வீடு.

மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள்
அரசு ஒப்படைக்கும் பிள்ளைகளை
வளர்க்கக் கூடாது என்றது சட்டம்.
மக்களே ஓட்டுப் போட்டுச் செய்த சட்டம்.
நவம்பரில், தேவாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்
நூல் கட்டிய பேனாவால்
ஆதரவு என்ற வட்டத்தை நிரப்பினேன்.
கோட்டுக்கு வெளியே மை சிந்தவில்லை.
பிள்ளைகளுக்கு நல்லது என்றார்கள்,
பிள்ளைகளுக்கு நல்லதை யார் மறுப்பார்?
சீட்டில் டெல்வினின் பெயர் இல்லை.

டெல்வின்: ஏழு வயது,
ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடி வருவான்.
பேருந்துப் படியில் உட்காரவைத்து
நோலா கயிறு கட்டிவிடுவாள்.
சாப்பாட்டு டப்பாவோடு பின்னாலேயே கோரின்,
ஈரத் தலையோடு.
நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்,
பார்க்காததுபோல் இருப்பேன்.

கல்யாணம் செய்துகொள்ளட்டுமே என்று
ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன்.
அந்தக் கதவு அவர்களுக்குப் பூட்டியிருந்தது.
வேறொரு நவம்பரில்
அதைப் பூட்டிய சாவியிலும் என் விரல் இருந்தது.

ஜனவரியில் அலுவலகக் கார் வந்தது.
அவன் உடைமைகள் ஒரு கறுப்புக் குப்பைப் பையில்.
என் பாதைத் தாளில் பதினான்கின்மேல்
யாரோ பென்சிலால் ஒரு கோடு.
மறுநாளும் அங்கே வந்ததும்
கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.
வாசலில் யாருமில்லை.
கதவைத் திறந்து, மூடினேன்.
குளிர் மட்டும் ஏறியது.

அந்த வாரமே பேருந்துக்குள் ஒரு தேர்தல்:
நாறுகிறான் என்று
ஹாஸ்கெல் வீட்டுப் பையனைப் பின்வரிசைக்குத் தள்ள
முப்பத்தொரு கைகள் உயர்ந்தன.
கண்ணாடியில் எண்ணினேன்.
அவன் கையும் உயர்ந்திருந்தது.
"இங்கே ஓட்டெல்லாம் கிடையாது, உட்காருங்கள்."
"ரேடியோவில் எந்தப் பாட்டு என்று மட்டும்
எங்களைக் கேட்கிறீர்களே?" என்றாள் ஒருத்தி.
நியாயமான கேள்வி.
பதில் கிடைப்பதற்குள் பள்ளி வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து
கறுப்பு அங்கியில் ஏழு பேர்
அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள்.
காபிக் கடையில் மேசைகள் அதிர்ந்தன:
பிறகு நாம் வரிசையில் நின்றது எதற்கு?
நானும்தான் கேட்டேன். இன்னும் கேட்கிறேன்.
இன்று என் தப்பை அழித்த கை
நாளை என் சரியையும் அழிக்கலாம்.
அந்த பயம் பொய்யில்லை.
ஆனால் அன்று கண்ணாடியில் கண்ட கைகள்,
அவற்றுக்குள் அவனுடைய கை.

ஓட்டு போட்டவள் நான்.
ஓட்டுகிறவளும் நான்.
முதலாவதில் என்னைப்போல் லட்சம் பேர்,
சுமை தெரியவில்லை.
இரண்டாவதில் சக்கரம் என் கையில்,
ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயர்,
ஒரு இருக்கை.

ஆகஸ்டில் புதுத் தாள் வந்தது,
பதினான்கு திரும்பி வந்தது.
டெல்வின் வரவில்லை.
வேறு கவுண்டியில், நான்காவது வீட்டில்
இருக்கிறானாம்.
எந்தத் தீர்ப்பும் அந்த ஷூக் கயிற்றை
மறுபடி கட்டாது.
இப்போது ஒரு சிறுமி, வாயே திறப்பதில்லை.
நோலா எனக்குக் கையசைக்கிறாள்.
என் வட்டம் அவளுக்குத் தெரியுமா?
நான் சொல்லவில்லை.
சொல்வேன் என்றும் சொல்லமாட்டேன்.

பொத்தானை அழுத்துகிறேன்.
பேருந்தின் பக்கவாட்டிலிருந்து
சிவப்புப் பலகை நீள்கிறது.
ஒரே ஒரு பிள்ளை படியேற
இருபுறமும் சாலை நிற்கிறது,
யாரையும் கேட்காமல்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
அவள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.